பணி செய்தால் மானியம், தவறினால் கடன்

தில்லி கரோல் பாகில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கும் என் மூத்த நண்பர் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் சில தாள்களுடன் என் வீட்டுக்கு வந்தார். அவருடைய பேத்தி அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவள். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று, பள்ளி ஆசிரியை ஆக விரும்புகிறாள். அவளுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கிடைக்கும் என்றும், அதன் பொருட்டு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்றும் கல்லூரியிலிருந்து எழுதியிருந்தார்கள். "நீர்தான் அரசாங்க மொழிபெயர்ப்பாளர் ஆயிற்றே! இதைப் படித்துப் பார்த்து, இது இனாமா, கடனா என்று ஒரே சொல்லில் சொல்லும்" என்றார் நண்பர்.

காப்பி ஆறுவதற்குள் சொல்லிவிடலாம் என்று எண்ணித்தான் தாள்களை வாங்கினேன். மாலை விளக்கேற்றும் நேரம் வரையில் அந்த ஒரு சொல் எனக்கு அகப்படவில்லை. நம் நாட்டின் பல பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் குடியேறி, பேரன் பேத்திகள் அங்கே கல்லூரிப் பருவம் எய்தியுள்ள குடும்பங்கள் இன்று பல. ஆதலின் அன்று நான் படித்துத் தெரிந்துகொண்டதை நேயர்களுக்கும் சொல்வது பயன்படும் என்று கருதுகிறேன்.

அந்த உதவியின் பெயர் 'டீச் கிராண்ட்' என்பது. நீண்டதோர் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்து, 'கற்பி' என்று பொருள்படுமாறு அமைத்திருக்கிறார்கள். 2007ஆம் ஆண்டு செப்டம்பரில் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட கல்லூரிச் செலவுக் குறைப்புச் சட்டத்தின் கீழ் இது பிறந்தது. மறு ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. ஆசிரியர் கிடைக்காத பாடங்களை, ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளில், கற்பிப்பதாக வாக்களிக்கும் மாணவருக்கு அரசாங்கம் படிப்புக் காலத்திலேயே பணம் தருகிறது.

அமெரிக்கா போன்ற செல்வ நாட்டில் ஆசிரியர் கிடைக்காத பள்ளியும் உண்டா என்று நண்பர் கேட்டார். உண்டு. அதற்குக் காரணம் அந்நாட்டுப் பள்ளிகள் பணம் பெறும் முறையிலேயே இருக்கிறது. அங்கே சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு மாவட்டமும் தன் பள்ளிகளுக்கு வேண்டிய பணத்தில் பெரும்பங்கைத் தன் எல்லைக்குள் உள்ள வீடு, நிலம் ஆகியவற்றின்மீது விதிக்கும் வரியால் திரட்டிக்கொள்கிறது. மாநில அரசாங்கமும் பெரும் பங்கு தருகிறது. மத்திய அரசாங்கத்தின் பங்கோ பத்தில் ஒன்றை ஒட்டியே நிற்கும். மாளிகைகள் உள்ள ஊரில் வரி பெருகும், பள்ளியும் பொலியும். குடிசைகளும் பாழடைந்த ஆலைகளும் உள்ள ஊரில் வரி குன்றும். மாநிலம் தரும் பணம் இந்தப் பள்ளத்தை ஓரளவு நிரவினாலும் முற்றிலும் நிரப்புவதில்லை. நல்ல தகுதியுடைய ஆசிரியர் இரண்டு ஆண்டு அங்கே பணி செய்து, அனுபவம் கைவந்ததும், கூடுதல் சம்பளம் தரும் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடுகிறார். மீண்டும் இடம் காலி. கணிதம், விஞ்ஞானம், உடற்குறை மனக்குறை உள்ள குழந்தைகளுக்கான சிறப்புக் கல்வி, ஆங்கிலம் தாய்மொழியல்லாத பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தல் ஆகிய துறைகளிலே இக்குறை மிகுதி.

காலி இடம் என்பது என்ன செய்யும் என்பதை நான் என் அனுபவத்திலேயே அறிவேன். நான் படித்த உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் ஓராண்டு முழுவதும் கணித ஆசிரியர் இல்லை. வரலாற்று ஆசிரியர் வந்து, "அமைதியாக இருங்கள்" என்று சொல்லி, நாளிதழ் படித்துவிட்டுப் போவார். நான் கலைப் பட்டதாரி ஆனதற்கு அதுவே காரணம் என்று சொல்லிக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கிறது. என் வகுப்பில் பொறியாளராகத் தகுந்த இரண்டு மூன்று பேர் இருந்தார்கள் என்பது மட்டும் உண்மை.

நிற்க. படிப்புக்குப் பணம், பதிலுக்கு ஆசிரியப் பணி என்ற இந்த ஏற்பாடு அமெரிக்காவில் 2007இல் திடீரென்று முளைத்ததன்று. 1957 அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் ரஷ்யா ஸ்புட்னிக் என்ற செயற்கைத் துணைக்கோளை வானில் ஏற்றியது. அமெரிக்கப் பள்ளிகள் விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் பின்தங்கிவிட்டன என்ற கலக்கம் அந்நாட்டைப் பற்றிக்கொண்டது. ஓராண்டு நிறைவதற்குள், 1958 செப்டம்பரில், தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் என்ற ஒன்றை இயற்றினார்கள். கல்விச் சட்டத்துக்குப் பாதுகாப்பு என்ற பெயரைச் சூட்டினால்தான் பணம் ஒதுக்கப் பிரதிநிதிகள் இசைவார்கள் என்ற சூட்சுமத்தை அக்காலத்தவர் அறிந்திருந்தனர்! அச்சட்டத்தின்படி மாணவர்களுக்கு நூற்றுக்கு 3 வட்டியில் கடன் கிடைத்தது. கடன் பெற்றவர் அரசாங்கப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தால், பணி செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் கடனில் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி. இவ்வாறு பாதிக் கடன் வரை தள்ளுபடி பெறலாம்.

பாதுகாப்பின் பெயரால் தொடங்கியது ஏழைப் பள்ளிகளின் பக்கம் திரும்பியது லிண்டன் ஜான்சன் காலத்தில். அவருடைய வரலாற்றில் இதற்கு ஒரு வேர் உண்டு. 1928ஆம் ஆண்டு, இருபது வயது மாணவராயிருந்த ஜான்சன், கையில் பணம் இல்லாமல் கல்லூரிப் படிப்பை ஓராண்டு நிறுத்திவிட்டு, டெக்சாஸ் மாநிலத்தின் தென்கோடியில் கொட்டுல்லா என்ற சிற்றூரில் ஆசிரியப் பணிக்குச் சென்றார். மெக்சிகோவிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்றே தனியாக ஒதுக்கியிருந்த பள்ளி அது. காலை உணவின்றி வரும் பிள்ளைகள். விளையாட ஒரு பந்துகூட இல்லை. தம் முதல் சம்பளத்தைக் கொண்டு விளையாட்டுச் சாமான்கள் வாங்கித் தந்தார் என்பார்கள். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத்தான் மீண்டும் கல்லூரிக்குச் சென்று தம் படிப்பை முடித்தார். ஏழைப் பள்ளியில் பணி, அதனால் தமக்குப் படிப்பு என்ற இரண்டையும் ஒரே ஆண்டில் நேரில் கண்டவர் அவர்.

1965இல் குடியரசுத் தலைவராக இருந்தபோது அந்த ஊரையும் அந்தப் பிள்ளைகளின் முகங்களையும் மேடைகளில் பன்முறை நினைவு கூர்ந்தார். அவ்வாண்டு ஏப்ரலில், தாம் சிறு பிள்ளையாகப் படித்த ஓரறைப் பள்ளியின் முன்னே, தமக்கு முதன்முதல் கற்பித்த ஆசிரியையைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, ஏழை மாணவர் மிகுந்த பள்ளிகளுக்கு மத்திய அரசாங்கப் பணம் தரும் சட்டத்தில் கையெழுத்திட்டார். நவம்பரில், தாம் படித்த கல்லூரியிலேயே உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அப்போது பழைய கடன் திட்டமும் திருந்தியது. ஏழைப் பிள்ளைகள் நிறைந்த பள்ளியில் பணி செய்தால் ஆண்டுக்கு நூற்றுக்கு 15 வீதம் தள்ளுபடி. பாதியோடு நில்லாமல் முழுக் கடனும் தீரலாம்.

இந்தக் கடன் பிற்காலத்தில் பெர்க்கின்ஸ் கடன் என்று பெயர் பெற்றது. அதில் தள்ளுபடி ஐந்து படிகளாக அமைந்தது: முதல் இரண்டு ஆண்டுகளுக்கு நூற்றுக்கு 15 வீதம், அடுத்த இரண்டுக்கு 20 வீதம், ஐந்தாம் ஆண்டுக்கு 30. ஐந்தாண்டு பணி செய்தால் கடன் முழுவதும் கரைந்துவிடும். மூன்றாண்டு செய்து, தாயார் நோயுற்றாலோ, திருமணமாகி வேற்றூர் சென்றாலோ, அந்த மூன்றாண்டின் பலன் கைவிட்டுப் போகாது. பாதிக் கடன் தீர்ந்ததாகவே கணக்கு நிற்கும். இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். 2017 செப்டம்பருடன் புதிய பெர்க்கின்ஸ் கடன்கள் நின்றுபோயின.

இனி நண்பரின் பேத்திக்கு வந்த தாள்களைப் பார்ப்போம். சட்டப்படி ஆண்டுக்கு 4,000 டாலர் வரை மானியம். இளநிலைப் படிப்புக்கு மொத்தம் 16,000, முதுநிலைப் படிப்புக்கு 8,000. அண்மை ஆண்டுகளில் பொதுச் செலவுக் குறைப்பின் பேரில் இதிலும் ஒரு சிறு பகுதியைப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களும் இதற்கு உரியவர்கள். இங்கிருந்து மாணவர் விசாவில் செல்லும் நம் பிள்ளைகளுக்கு இது இல்லை. மதிப்பெண் சராசரி நாலுக்கு 3.25 ஆவது இருக்க வேண்டும். அல்லது நுழைவுத் தேர்வில் மேல்வரிசைக் காற்பங்கினருள் ஒருவராக இருக்க வேண்டும். படிப்பு முடிந்த பின் எட்டு ஆண்டுகளுக்குள் நான்கு ஆண்டுகள் முழுநேர ஆசிரியராகப் பணி செய்ய வேண்டும். அந்த நான்கு ஆண்டும் அரசாங்கம் வெளியிடும் குறைந்த வருமானப் பள்ளிகளின் பட்டியலில் இடம்பெற்ற பள்ளியில் அமைய வேண்டும். பொதுவாக, மாணவரில் நூற்றுக்கு முப்பது பேருக்கு மேல் ஏழைக் குடும்பத்தவராயின் அப்பள்ளி பட்டியலில் சேரத் தக்கது. அமெரிக்கப் பழங்குடியினருக்கென நடக்கும் பள்ளிகளும் சேரும். எடுக்கும் வகுப்புகளில் பெரும்பாலானவை ஆசிரியர் குறைந்த பாடமாக இருக்க வேண்டும்.

இவ்வளவும் நியாயமே. அடுத்து வரும் ஷரத்துதான் என் காப்பியை ஆற வைத்தது. நான்கு ஆண்டுப் பணி நிறைவுறாவிட்டால், பெற்ற மானியம் முழுவதும் கடனாக மாறிவிடும். மாறுகின்ற நாளிலிருந்து அன்று. ஒவ்வொரு தவணையும் மாணவர் கைக்கு வந்த நாளிலிருந்தே அதற்கு வட்டி கணக்காகும். மூன்றாண்டு பணி செய்து நான்காம் ஆண்டு தவறினால், மூன்றுக்கும் எவ்விதக் கழிவும் இல்லை.

இதன் கனம் புரிய ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு 4,000 வீதம் நான்கு ஆண்டு பெற்ற ஒரு பெண், மூன்றாண்டு பணி செய்துவிட்டு நின்றுவிடுகிறாள் என்று கொள்வோம். எட்டாண்டுக் கெடுவில் ஓராண்டுக்கும் குறைவாக மிஞ்சும்போது இனி நிறைவேற்ற வழியில்லை என்று தீர்மானமாகும். உதாரணத்துக்கு நூற்றுக்கு 6 தனிவட்டி என்று வைத்தால், ஒவ்வொரு தவணைக்கும் ஆண்டுக்கு 240 டாலர் வட்டி. நான்கு தவணைகளும் கழித்த காலம் முறையே 11, 10, 9, 8 ஆண்டுகள். வட்டி மட்டும் 9,120 டாலர் ஆகிறது. ஏழைப் பள்ளியில் மூன்றாண்டு உழைத்தவள், ஒரு நாளும் உழைக்காதவளைவிட நீண்ட காலம் காத்திருந்த காரணத்தால், அவளினும் கூடுதல் வட்டி சுமக்கிறாள். கணித ஆசிரியர் இல்லாமல் வளர்ந்த நானே இதை இரண்டு முறை போட்டுச் சரிபார்த்தேன்.

மானியம் என்ற சொல்லுக்கு நம் ஊர்களிலே ஒரு பழைய பொருள் உண்டு. கோயிலில் மேளம் வாசிப்பவர், ஊர்த் தச்சர், வைத்தியர் முதலியோருக்கு அவர்கள் ஆற்றும் ஊழியத்தின் பொருட்டு நிலம் விட்டிருந்தார்கள். ஊழியம் நின்றால் நிலம் கைமாறும். அதுவரை விளைந்து உண்ட நெல் அவருடையதே. அந்த வகையில் பார்த்தால் பெர்க்கின்ஸ் கடன் என்று பெயர் பெற்றது மானியம் போல் நடந்துகொண்டது. மானியம் என்று பெயர் பெற்ற இது கடனைப் போல் நடந்துகொள்கிறது. மொழிபெயர்ப்பவன் படும் பாட்டை நேயர்கள் ஒருவாறு ஊகிக்கலாம்.

ஷரத்து கடுமையானது என்பதோடு கதை முடியவில்லை. பணியைத் தவறாமல் செய்தவர்களும் கடனாளி ஆன கதை ஒன்று உண்டு. ஆசிரியர் ஒவ்வோர் ஆண்டும் தாம் பணியில் இருப்பதாகவோ, பணி செய்யும் எண்ணம் உடையவராக இருப்பதாகவோ ஒரு படிவத்தை நிரப்பி, பள்ளித் தலைவரின் கையெழுத்துடன், அரசாங்கம் அமர்த்தியிருந்த கடன் கணக்கு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற விதி முன்னர் இருந்தது. படிவம் ஒரு நாள் தாமதித்தாலும், ஒரு கையெழுத்தோ தேதியோ விடுபட்டாலும், மானியம் கடனாகிவிடும். ஒருமுறை கடனானால் மீட்பதற்கு வழி அரிது. படிவம் கேட்கும் கடிதம் பழைய விலாசத்துக்குப் போனது, பள்ளித் தலைவர் கோடை விடுமுறையில் வெளியூர் போயிருந்தது போன்ற காரணங்களால் ஆசிரியர்கள் கடன்பட்டார்கள்.

2015ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாராளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, அதுவரை மானியம் பெற்ற 1,12,000க்கு மேற்பட்டோரில் சுமார் 36,000 பேருடைய மானியம் கடனாக மாறியிருந்ததைக் கூறியது. அவர்களுள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் விஷயத்தில் அந்த மாற்றமே பிழை என்றும் கூறியது. 2018இல் கல்வித் துறை தானே ஏற்பாடு செய்த ஆய்வில், 2014 ஜூலைக்கு முன் பணிக்கெடு தொடங்கியவர்களில் நூற்றுக்கு 63 பேருடைய மானியம் கடனாகிவிட்டது தெரிந்தது. அவர்கள் எல்லாரும் படிவத்தால் கெட்டவர்கள் அல்லர். பட்டியலில் இல்லாத பள்ளியில் சேர்ந்தவர்களும், ஆசிரியத் தொழிலையே விட்டவர்களும் அதில் பலர். ஆனால் ஏழைப் பள்ளியில் கணக்குக் கற்பித்துக்கொண்டே, மாதந்தோறும் கடன் தவணையும் கட்டிவந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

அவர்களுடைய குரலை நாடறியச் செய்தது ஒரு வானொலி என்பதைச் சொல்லும்போது, வானொலிப் பேச்சு எழுதும் எனக்குச் சற்றே பெருமிதம் உண்டாகிறது. அமெரிக்காவின் தேசியப் பொது வானொலி 2018ஆம் ஆண்டு முழுவதும் அந்த ஆசிரியர்களைத் தேடிச் சென்று, அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டு, தொடர்ந்து ஒலிபரப்பியது. பாராளுமன்ற உறுப்பினர்கள் கேள்வி எழுப்பினார்கள். அவ்வாண்டு டிசம்பரில் கல்வித் துறை இறங்கி வந்தது. பணியைச் செய்தும் படிவத்தால் கடன்பட்டவர்கள் மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம் என்ற ஏற்பாடு 2019 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. ஆயிரக்கணக்கானோரின் கடன் மீண்டும் மானியமாயிற்று. 2021 ஜூலை முதல் விதிகளையே மாற்றினார்கள். ஆண்டுப் படிவம் வரவில்லை என்ற ஒரே காரணத்தால் இப்போது மானியம் கடனாவதில்லை. மாணவரே கேட்டுக்கொண்டாலோ, எஞ்சிய காலத்துக்குள் பணியை நிறைவேற்ற இனி இயலாது என்ற நிலை வந்தாலோதான் மாறும். இன்னும் எவ்வளவு பணி பாக்கி, இதுவரை எவ்வளவு வட்டி ஏறியிருக்கிறது என்று ஆண்டுதோறும் மாணவருக்கு எழுதியும் தெரிவிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த திருத்தம் வேறொன்று. முன்பு அந்த ஒப்பந்தத்தின் பெயர் 'பணி செய்ய உடன்படிக்கை' என்று மட்டுமே இருந்தது. 2021இன் விதிகள் அதை, 'பணி செய்ய அல்லது திருப்பிச் செலுத்த உடன்படிக்கை' என்று மாற்றின. உள்ளே சிற்றெழுத்தில் இருந்தது தலைப்புக்கு ஏறியது. பதினெட்டு வயதுப் பெண் மற்ற எதையும் படிக்காவிட்டாலும் தலைப்பையாவது படிப்பாள்.

எனினும் மூன்றாண்டுப் பணிக்குக் கழிவில்லை என்ற ஷரத்து அப்படியேதான் இருக்கிறது. இதற்கு ஆதரவாகச் சொல்லத் தக்கது ஒன்று உண்டு. கடனைப் பிறகு தள்ளுபடி செய்வோம் என்றால், கடன் என்ற சொல்லைக் கேட்டே ஏழை வீட்டுப் பிள்ளை கல்லூரி வாசலில் திரும்பிவிடக்கூடும். பணம் வேண்டிய நாளிலே மானியமாகக் கையில் கிடைப்பது பெரிய உதவிதான். அதை மறுக்கவில்லை. ஆனால் பதினெட்டு வயதில் ஒருத்தி இருபத்தாறு வயதில் தான் எந்த ஊரில், எந்தப் பள்ளியில், எந்த நிலையில் இருப்பாள் என்று எழுதிக் கொடுக்கிறாள். அந்த எழுத்து முழுவதும் பலிக்காவிட்டாலும், பலித்த மட்டுக்கு மதிப்பளிக்க 1958இன் சட்டம் அறிந்திருந்தது. பணத்தை முன்னதாகக் கொடுத்து, பணியை ஆண்டுக் கணக்கில் கழித்துக்கொள்வதற்கு என்ன தடை என்பது எனக்கு விளங்கவில்லை.

மாலையில் நண்பரிடம் தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். "ஒரு சொல் கேட்டேனே" என்றார். "பணி செய்தால் மானியம், தவறினால் கடன்" என்றேன். "ஐந்து சொல் ஆயிற்றே" என்று சிரித்துவிட்டு, பேத்திக்கு எழுத வேண்டியதைக் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார்.

நான் சொன்னவை இவை. பள்ளியில் சேருவதற்கு முன், அப்பள்ளி அவ்வாண்டின் பட்டியலில் இருக்கிறதா என்று அவளே பார்க்க வேண்டும். பள்ளித் தலைவர் "இருக்கிறது" என்று வாயால் சொல்வது போதாது. சேர்ந்தபோது பட்டியலில் இருந்த பள்ளி பின்னர் நீங்கிவிட்டாலும் அவள் அங்கே தொடர்ந்து செய்யும் பணி கணக்கில் சேரும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. மேற்படிப்பு, நோய், குழந்தைப் பேறு போன்றவற்றுக்காகக் கெடுவைச் சில காலம் நிறுத்தி வைக்கவும் இடமுண்டு. ஆனால் அதைக் கேட்டுப் பெற வேண்டும், தானாக வராது. வகுப்புகளில் பாதிக்கு மேல் கணிதமாக இருக்கும்படி முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். ஆண்டுப் படிவம் இப்போது கழுத்தை நெரிப்பதில்லை என்றாலும், ஒவ்வோர் ஆண்டும் பள்ளித் தலைவரின் கையெழுத்துடன் அதை அனுப்பி, ஒரு நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்வது நல்லது. ஆசிரியத் தொழிலில் நான்காண்டு நிலைத்து நிற்கும் எண்ணம் திடமாக இல்லையெனில், சாதாரணக் கல்விக் கடனையே வாங்கலாம். அதில் வட்டி ஏறுவது முதல் நாளே தெரியும்.

பத்து நாளுக்குப் பின் நண்பர் தொலைபேசியில் அழைத்தார். பேத்தி இன்னும் கையெழுத்திடவில்லையாம். அவள் வீட்டிலிருந்து நாற்பது மைல் தொலைவில் பட்டியலில் உள்ள ஒரு பள்ளி இருக்கிறது. விடுமுறையில் அங்கே போய் ஒரு வாரம் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டு எழுதியிருக்கிறாளாம்.